எபி சாரின் தோள்தொட்டில்

பாளையங்கோட்டையில் எபனேசர் வீடு எது என்று கேட்டால் நாலு எபனேசர் வீட்டைக் காட்டுவார்கள். எபி சார் வீடு என்று கேட்டுப் பாருங்கள், மார்க்கெட் பக்கம் டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மீசை உண்டு, வாய் உண்டு, வீம்பு நிறைய உண்டு. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது.

பிறக்கும்போதே தோளில் நரம்பு இழுபட்டுவிட்டது. முழங்கை மடங்கும், கை நெஞ்சு உயரம் வரைக்கும் வரும், அதோடு சரி. விரல்கள் ஒரு தாளைப் பிடித்துக்கொள்ளும், ஒரு செம்புத் தண்ணீரைப் பிடிக்காது. அதற்காக அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினீர்களோ, தொலைந்தீர்கள். ஒற்றைக் கையால் வேட்டி கட்டுவான், ஷூவுக்குக் கயிறு கட்டுவான், தேங்காய் உடைப்பான். ஆற்றில் குறுக்குத்துறைப் பக்கம் ஒருக்களித்து நீந்தி அக்கரைக்குப் போய், ஈரத் தலையோடு அங்கிருந்து கையை ஆட்டுவான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு ஸ்டெபி கொடுத்த காபியை வாங்கிக்கொண்டே, "எனக்கு எடது கைக்கு வேலை கெடையாது. அந்த வேலையையும் சேத்து வாய் பாத்துக்கிடும்" என்றான். ஸ்டெபி ஆஸ்பத்திரி நர்ஸ், எத்தனையோ வாய்ச்சொல் வீரர்களைப் பார்த்தவள். சிரித்துவிட்டாள். கல்யாணம் முடிந்துவிட்டது.

இப்படி எதற்கும் அசையாத மனுஷன் ஒரு விஷயத்தில் அசைந்துபோனான். அவனுக்கு மகள் பிறந்தாள்.

உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதில் குறையில்லை. ஆனால் எழுந்து நின்று தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடக்க வேண்டுமென்றால், பிள்ளையைத் தாங்க ஒரு கை, கழுத்தைப் பிடிக்க ஒரு கை, கதவைத் திறக்க ஒரு கை என்று இரண்டு கை உள்ளவனுக்கே பற்றாது. இவன் எழுந்திருக்கப் பார்த்தாலே வீட்டில் யாராவது ஓடி வந்துவிடுவார்கள். முதல் ஆளாக ஓடி வருவது அவனுடைய அக்கா ஜெபராணி.

ஜெபராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீடு. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் என்றாலும் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. இரண்டு வீட்டுத் துணியும் அவள் கண் பார்க்கத்தான் வெளுக்க வேண்டும், அவள் கையால்தான் கஞ்சி போட வேண்டும். சட்டை, தலையணை உறை, திரைச்சீலை, கைக்குட்டை எதையும் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெள்ளைச் சேலை அவளுக்கு அரையடி முன்னால் கோவிலுக்குள் நுழையும். எபனேசர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சட்டை தனியாக ஒரு சத்தம் கொடுக்கும். சின்ன வயதிலிருந்து பழகியதால் அது அவன் காதில் விழுவதே இல்லை.

பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆனது. ஆனி மாதம் ஞானஸ்நானம் கொடுப்பது என்று முடிவானது. ஜெபராணிதான் ஞானத்தாய். இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எபனேசர் தொண்டையைக் கனைத்தான்.

"கோவில் வாசல்லருந்து ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் பாப்பாவ நான்தான் தூக்கிட்டு வருவேன்."

ஜெபராணி ரசத்தை ஊற்றுவதை நிறுத்தினாள். "என்னலே சொல்லுத? ஞானத்தாய் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நான் தூக்குதேன், நீ பக்கத்துல வா."

"பக்கத்துல வாரதுக்கு நான் என்ன விருந்தாளியா? அப்பன்லா."

"அப்பன்தான், யாரு இல்லன்னா? ஊரே பாத்துக்கிட்டு நிக்கும்லே. நடுக்கோவில்ல கை வழுக்கிட்டுன்னா?"

அவள் பாசத்தில்தான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஸ்டெபிதான் பேச்சை வெட்டினாள். "வழுக்காம இருக்கதுக்கு வழி பாப்போம் மதினி. பிள்ளையத் தூக்குததுக்குன்னே எத்தனையோ பை வந்திருக்கு."

"பிள்ளையப் பையில போட்டுக் கொண்டு போவியளா? அது என்ன கத்தரிக்காயா?" என்றாள் ஜெபராணி.

அன்றைக்கு ஆரம்பித்தது வேட்டை.

முதலில் வந்தது துபாய்ச் சரக்கு. எபனேசரோடு வேலை பார்க்கிற காஜா முகைதீன், காயல்பட்டினத்துக்காரர், விஷயத்தைக் கேள்விப்பட்டதும் வீட்டுப் பரணில் கிடந்ததைத் தட்டித் துடைத்துக் கொண்டுவந்துவிட்டார். "எங்க காக்கா, எனக்கு மூத்தவரு, துபாயிலருந்து கொண்டாந்தது சாரே. அஞ்சு புள்ளையளத் தூக்குனது. ஒரு நூல் பிரியல பாருங்க" என்றார். உண்மையில் நல்ல சாமான்தான். பட்டை, கொக்கி, பஞ்சு மெத்தை எல்லாம் வைத்து விமானத்திலிருந்து குதிக்கப் போகிறவன் மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஸ்டெபி மாட்டிவிட்டாள், பாப்பாவை உள்ளே வைத்தாள், எபனேசர் தெருமுனை வரைக்கும் ராஜநடை நடந்துவிட்டுத் திரும்பினான். திரும்பும்போது அப்பனும் மகளும் ஆற்றில் முங்கி எழுந்தவர்கள் மாதிரி நனைந்திருந்தார்கள். துபாயில் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் குளிரூட்டி வைத்து வாழ்கிறவர்களுக்கு அந்தப் பஞ்சு சரி. பாளையங்கோட்டைச் சித்திரைக்குச் சரிப்படுமா? சாயங்காலம் பாப்பாவின் நெஞ்செல்லாம் வேர்க்குரு.

ஆனால் அவன் அதைத் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் வேர்க்குரு இல்லை. அதன் கொக்கி பிடரிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த்தான் பூட்ட முடியும், கழற்ற முடியும். "மாட்டிவிட ஒரு ஆளு, கழத்திவிட ஒரு ஆளுன்னா, அந்த ஆளே பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரலாமே சாரே" என்று காஜாவிடம் சொன்னான். காஜா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாதாடாமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது போனில் பார்த்து வரவழைத்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உலகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பாப்பாவும் ஊரைப் பார்த்துக்கொண்டு வரட்டுமே என்று இவனுக்கு ஆசை. உள்ளே உட்கார வைத்தால், மார்க்கெட்டில் இறக்கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிற கோழி மாதிரி கால் இரண்டும் தொங்கின. உடம்புப் பாரம் முழுக்க இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு கோவணத் துணியில் நின்றது. டியூட்டி முடிந்து வந்த ஸ்டெபி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எறக்குங்க மொதல்ல. இப்படியா பிள்ளையத் தொங்கவிடுதது? காலு தவள மாதிரி மடங்கி இருக்கணும், முட்டி ஒசந்து இருக்கணும். தல கவுந்து நாடி நெஞ்சுல முட்டக் கூடாது, மூச்சு அடைக்கும். முகம் எப்பவும் நம்ம கண்ணுக்குத் தெரியணும். நீங்க குனிஞ்சா உச்சந்தலையில முத்தம் குடுக்குத ஒசரத்துல அவ இருக்கணும்."

"எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாமா?"

"ஒங்களுக்கும் தோள் வலிக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் தோதுப்படணும். ஒருத்தருக்குத் தோதா இருந்து இன்னொருத்தர் கஷ்டப்பட்டா அது எதுக்கு?"

அந்தக் கோவணமும் வந்த வழியே போயிற்று. ஜெபராணி இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட எபனேசர் பதிலுக்குச் சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பான்.

மூன்றாவதை ஸ்டெபிதான் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி போட வந்த ஒரு பெண் நீளத் துணி ஒன்றைத் தோளில் குறுக்காகப் போட்டு, அதற்குள் பிள்ளையை உட்கார வைத்திருந்தாளாம். தோள்பக்கம் இரண்டு வளையம். துணியின் ஒரு முனை வளையத்தில் தைத்திருக்கும், மறுமுனை இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைந்து மடங்கி வெளியே தொங்கும். தொங்குகிற வாலை இழுத்தால் துணி பிள்ளையோடு சேர்ந்து இறுகும், வளையத்தை நெம்பித் தூக்கினால் தளரும். கொக்கி கிடையாது, பிடரியைத் தேட வேண்டாம்.

எபனேசர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வலது தோள்ல போட்டு, வலது கையாலயே இழுக்கலாமா?"

"இழுக்கலாம்."

"எடது கைக்கு?"

"சும்மா அவ முதுகுல சாஞ்சுக்கிட்டு இருக்கட்டும்."

அவ்வளவுதான், அவன் அன்றைக்குத் தூங்கின மாதிரித் தெரியவில்லை. காலையில் இரும்புக்கடைக்குப் போய் இரண்டு வளையம் வாங்கி, ஒரு பழைய போர்வையில் கோர்த்து, தோளில் மாட்டிவிட்டான். நல்லவேளை, கணக்கு வாத்தியார் புத்தி இருந்தது. பாப்பாவை வைக்கவில்லை, அவள் எடைக்கு அரிசியை ஒரு சாக்கில் கட்டி வைத்தான். வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கலாம். வீம்பு விடுமா? பஸ் ஸ்டாப் வரைக்கும் போனான். டீக்கடைக்கு எதிரே போகும்போது ஒரு வளையம் வாயைப் பிளந்துகொண்டது. ஒட்டு சரியாக வைக்காத வளையம். சாக்கு கீழே விழுந்து அவிழ்ந்து, அரிசி ரோடு முழுக்கச் சிதறியது.

"என்ன சார், அரிசிக்குப் பேறுகாலம் ஆயிட்டா?" என்றார் டீக்கடைக்காரர் வேதமுத்து அண்ணாச்சி. கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வேறு நாளாக இருந்தால் எபனேசர் முறைத்திருப்பான். அன்றைக்கு அவனும் சிரித்துவிட்டான், சிரித்துவிட்டுப் பிளந்த வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். அந்த வளையத்தில் பாப்பா இருந்திருந்தால்? அதை நினைத்துக்கொண்டே குனிந்து அரிசியை அள்ளினான். வீட்டுக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் ஸ்டெபியிடம் சொன்னான். "இனிமே விளையாட்டுத்தனம் கெடையாது" என்றாள் அவள். பிள்ளைத் துணிக்கென்றே ஒட்டில்லாமல் வார்த்த வளையங்களை வரவழைத்தார்கள். நல்ல பருத்தித் துணி, வெள்ளை, அழுத்தமும் உண்டு மெதுவும் உண்டு என்கிற மாதிரிப் பார்த்து எடுத்தார்கள். எதிர்வீட்டு டெய்லர் செல்லக்கிளி வரிசை மேல் வரிசையாகத் தைத்துக் கொடுத்தாள். மறுபடியும் அரிசிச் சாக்கு ஏறியது. இந்தத் தடவை அது வீட்டுக்குள்ளேயே, ஜெபராணி பார்க்கப் பார்க்க, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தது, குனிந்தது, நிமிர்ந்தது, மாடிப்படி ஏறி இறங்கியது. வளையம் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் பாப்பா. ஸ்டெபி பக்கத்தில் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். எபனேசர் கட்டிலில் உட்கார்ந்து, பாப்பாவைத் தன் நெஞ்சோடு சேர்த்து உட்கார வைத்து, துணியை அவள் முதுகில் பிடரி வரைக்கும் ஏற்றிவிட்டு, வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். துணி அவளை அவனோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. முட்டி உயர்ந்து, கால் மடங்கி, கன்னத்தை அவன் சட்டைப் பொத்தானில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். எழுந்து நின்றான். பைய ஒரு எட்டு வைத்தான். பிறகு ஒரு எட்டு. வலது கை சும்மா இருந்தது. கதவைத் தானே திறந்தான்.

அந்தச் சாயங்காலம் அவன் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். பார்க்காதவர்களைத் தேடிப்போய்க் காட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுச் செல்லக்கிளிக்குக் காட்டினான், டீக்கடைக்குப் போய்க் காட்டினான். வேதமுத்து அண்ணாச்சி, "சார், ஸ்ட்ராங்கா ஒண்ணு போடட்டா?" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி, பாப்பா இருக்கா. சூடான சாமானத்துப் பக்கமே போகக் கூடாது" என்று இவன் சொன்னான். ஊரில் எந்த அப்பனும் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தை. அவன் அதைச் சொன்ன தோரணையில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வரும்போது பாப்பா நெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய மூச்சுச் சூடு அவன் தொண்டைக்குழியில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஜெபராணி வாசலில் நின்று பார்த்தாள். "தூங்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனைப் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் கை கால் கழுவிவிட்டு பாப்பாவை ஏற்றிக்கொள்வான். ஞானஸ்நானம் நெருங்கியது. ஒருநாள் பாப்பா பாலைக் கக்கித் துணியெல்லாம் புளிச்ச வாடை. மறுநாள் துணி வெளுத்து, தேய்த்து, நாலாக மடித்து வந்து கட்டிலில் இருந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

பாப்பாவை உட்கார வைத்தான், வாலை இழுத்தான், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வளையத்துக்குள் துணி மடங்கி அடைத்துக்கொண்டு நின்றது. துணிக்கும் பாப்பாவுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி விழுந்தது. அவள் சரிந்தாள், சரிந்ததும் விளிம்பு தொடையில் குத்தியது. வீறிட்டு அழுதாள். மறுநாளும் அதே கதை. தொடைக்கு உள்பக்கம் இரண்டு சிவப்புக் கோடு. அதற்கு அடுத்த நாள் தோளில் துணியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள்.

எபனேசருக்குத் துணியின் மேல் சந்தேகமே வரவில்லை. துணி என்றால் விறைப்பாகத்தான் இருக்கும், அது மொடமொடக்கும், கழுத்தில் அறுக்கும். பிறந்ததிலிருந்து அவனுக்கு அப்படித்தான். அதனால் அவன் சந்தேகம் வேறு இடத்துக்குப் போயிற்று.

"அவளுக்கு என் ஒடம்பு தோதுப்படல" என்றான் ஸ்டெபியிடம். "மொத நாளு ஏதோ புதுசுக்கு இருந்துட்டா. எனக்கு இறுக்கத் தெம்பு பத்தல. என் கையி அவ்வளவுதான்."

ஸ்டெபிக்குக் கோபம் வந்தது. "இத்தன நாள்ல ஒருதரமாச்சும் என் கையி அவ்வளவுதான்னு நீங்க சொல்லிக் கேட்டதில்ல. இப்ப எதுக்குச் சொல்லுதிய?"

அவன் எழுந்தான். துணியைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனான். ஜெபராணி பாப்பாவின் ஞானஸ்நானச் சட்டைக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழம நீயே பாப்பாவத் தூக்கிரு."

ஜெபராணி ஊசியை நிறுத்தினாள். இத்தனை நாளும் அவள் கேட்டது அதைத்தான். கிடைத்ததும் ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. "ஏம்லே?" என்றாள்.

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

ஞாயிறுக்கு முந்தின நாள் ஸ்டெபிக்கு லீவு. வீட்டைக் கூட்டும்போது கதவை இழுத்தாள். ஆணியில் இருந்த துணி கீழே விழுந்தது. விழுந்தது என்று சொல்வது தப்பு. வந்து நின்றது. மடிப்பு கலையாமல், சுவரில் சாய்ந்துகொண்டு, யாரையோ பார்க்க வந்த ஆள் மாதிரி நின்றது. ஸ்டெபி அதை எடுத்து மடக்கிப் பார்த்தாள். மடக்கென்று சத்தம். விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்புறச் சுவரைத் தாண்டிக் கூப்பிட்டாள்.

"மதினி! இந்தத் துணிக்கு என்ன போட்டிய?"

"கஞ்சிதான், வேற என்னத்தப் போடுவாவ?" என்று குரல் வந்தது, பின்னாலேயே ஆளும் வந்தாள். "கொஞ்சம் நீலமும் போட்டேன். நல்லா கெட்டிக் கஞ்சியா வடிச்சு, ரெண்டு தடவ முக்கி, தண்ணி தெளிச்சுத் தேச்சேன். ஏன், மடிப்பு கலைஞ்சிட்டா?"

"இது துணியா மதினி, அப்பளமா? பிள்ளையோட காலப் பாத்தியளா? இதப் போட்டு அவிய எப்படி இறுக்குவாவ? வளையத்துல துணி ஓட வேண்டாமா?"

ஜெபராணிக்கு முதலில் விளங்கவில்லை. "கோவிலுக்குப் போற துணிட்டி. அதுவும் வெள்ளத் துணி. கஞ்சி போடாம, கசங்கலா, அவன் அதத் தோள்ல போட்டுக்கிட்டு சபைக்கு முன்னால நிப்பானா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே குரல் இறங்கிவிட்டது. தம்பி தூக்க வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, அவன் தூக்கும்போது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று கையால் கஞ்சி போட்டிருக்கிறாள்! துணியை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அடிப் பாவி ஜெபராணி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அந்தத் துணி பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. வெந்நீரில் ஊறியது, கசக்கப்பட்டது, அலசப்பட்டது, திரும்பவும் வெந்நீருக்குப் போனது. கஞ்சித் தண்ணீர் வடிந்து தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும் அவள் விடவில்லை. ஆனிக் காற்று கொல்லையில் சுழன்று அடித்தது. துணி காய்ந்ததும் எடுத்து மறுபடியும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு பாப்பாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தேய்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெள்ளைத் துணியைச் சுருக்கத்தோடு மடித்து, தம்பி முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"போட்டுப் பாருலே."

"வேண்டாங்கா."

"போடுன்னா போடு. தப்பு ஒங்கையில இல்ல, என் கஞ்சியில."

எபனேசர் ஸ்டெபியைப் பார்த்தான். ஸ்டெபி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். போட்டான். பாப்பா உதட்டைப் பிதுக்கத்தான் செய்தாள். வாலை இழுத்தான். துணி தண்ணீர் மாதிரி வளையத்துக்குள் ஓடி அவளை அணைத்துக்கொண்டது. பிதுங்கிய உதடு அப்படியே நின்று, ஒரு விக்கலோடு அடங்கியது. எபனேசருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்குக் கை இல்லை, ஒன்று பாப்பா முதுகில், ஒன்று வாலில். கலங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"நாளைக்கு யாரு தூக்குதது?" என்றாள் ஸ்டெபி, வேண்டுமென்றே.

"இதென்ன கேள்வி?" என்றாள் ஜெபராணி. "அவந்தான்."

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. கோவில் முழுக்க மொடமொடக்கிற வெள்ளை, கசங்கின வெள்ளை என்று பார்த்தால் எபனேசர் தோளில் கிடந்தது ஒன்றுதான். வாசலில் ஒரு பெரியவர் தடுத்து, "என்ன தம்பி இது, பிள்ளையக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்க?" என்றார். எபனேசர் வாயைத் திறக்கும் முன்பே உள்ளே இருந்து அங்கி சரசரக்க வந்த ஐயர் பாப்பாவைக் குனிந்து பார்த்தார். போதகரைப் பாளையங்கோட்டைச் சபைகளில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்று. "பிள்ள சொகமா இருக்கா, தகப்பன் தூக்கியிருக்கான். வேற என்ன வேணும்? உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நடுப்பாதையில் எபனேசர் நடந்தான். பாப்பாவின் லேஸ் சட்டை துணிக்கு வெளியே வழிந்து அவன் முட்டி வரைக்கும் தொங்கியது. பின்னால் ஜெபராணி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டே வந்தாள், எந்த நிமிஷமும் தாங்கிப் பிடிக்கத் தயாராக. பாதி வழியில் அவளுக்கே என்னவோ தோன்றி, கையை இறக்கிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எபனேசர் இதையெல்லாம் பார்க்கவில்லை. வலது கையை வீசிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

வளையத்தைத் தளர்த்தி, பாப்பாவை எடுத்து ஐயர் கையில் கொடுத்தான்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"எப்சிபா." பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகிய குரல். பின்வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர்களுக்கும் கேட்டது.

தலையில் தண்ணீர் பட்டதும் எப்சிபா கோவில் அதிர வீறிட்டாள். ஐயர் ஜெபத்தைச் சொல்லி, நெற்றியைத் துடைத்துவிட்டு, வழக்கப்படி ஞானத்தாயின் பக்கம் திரும்பினார். ஜெபராணி கையை நீட்டினாள். பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டிய கை, சோறு பிசைந்து ஊட்டிய கை. எப்சிபா அந்தக் கையைப் பார்த்தாள், அழுதுகொண்டே தலையைத் திருப்பினாள். அம்மாவைப் பார்த்தாள். ஐயரை ஒட்டி இந்தப் பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஐயர் கையிலிருந்து அவன் மேல் தாவினாள்.

ஐயர் பதறிப்போனார். சபையில் யாரோ "ஐயோ" என்றார்கள். எபனேசரின் வலது கை அவளை அடியில் தாங்கியது. இடது கை தன்னால் முடிந்த உயரத்துக்கு வந்து அவள் முதுகில் அழுந்தியது. அவள் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அழுகை நின்றது. துணி தளர்ந்து சும்மா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஜெபராணி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்து கஞ்சி போட்ட சேலையில் விழுந்தது. கோவில் என்றும் பாராமல், விடுதி முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரலில், பக்கத்தில் நின்ற ஐயரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பிடிச்சிட்டான், பாத்தியளா? எந்தம்பி பிடிச்சிட்டான்!"